கன்னத்துக்கா, கடாய்க்கா?

ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை விழுகிற வாரங்களில், என் மருந்துக் கடையில் முகக் கிரீம் வியாபாரமும் கொஞ்சம் படுத்துவிடும். கடை கெலமங்கலத்தில். சுற்றிலும் தக்காளித் தோட்டம், ரோஜாப் பசுமைக்குடில், செண்டுமல்லிக் காடு. கொஞ்சம் தள்ளிப் போனால் தொழிற்சாலைகள், அவற்றுக்கு விடியற்காலையிலிருந்து பெண்பிள்ளைகளை ஏற்றிப்போகும் பேருந்துகள். கிலோ இரண்டு ரூபாய்க்குக்கூடக் கேட்க ஆளில்லாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போன பழத்தை யாரோ ஒருத்தி எடுத்து, குறுக்கே வெட்டி, சர்க்கரை தொட்டுக் கன்னத்தில் தேய்ப்பாள். மறுநாள் அவள் தங்கியிருக்கும் ஹாஸ்டலே தேய்க்கும். 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியபோது ஒருத்தரும் தேய்க்கவில்லை. அப்போது கடைக்கு வந்து கேட்டார்கள்: “அக்கா, தக்காளி போட்ட சீரம் இருக்கா?”

இருக்கிறது. 30 மில்லி குப்பி, 600 ரூபாய்ச் சொச்சம். பெட்டியில் ‘லைகோபீன்’ என்று பெரிதாகவும், மற்றதெல்லாம் எறும்பு எழுத்திலும் இருக்கும். “இது வேலை செய்யுமாக்கா?” என்பது அடுத்த கேள்வி. ஆமாம் அல்லது இல்லை, ஒரே சொல்லில் பதில் வேண்டும், ஏனென்றால் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். முழுப் பதிலைச் சொல்ல கவுண்டரில் நேரம் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தக்காளியைச் சிவப்பாக்குவது லைகோபீன் என்ற நிறமி. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினுக்கு உடன்பிறப்பு. தர்பூசணியிலும், உள்ளே சிவந்த கொய்யாவிலும் இதுதான். சமைக்காத தக்காளிப் பழம் 100 கிராமில் சுமார் இரண்டரை மில்லிகிராம் இருக்கும். சதையைவிடத் தோலில்தான் செறிவு அதிகம். வெயில் ஏற ஏறச் சிவப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். தோட்டக்காரர்களைக் கேட்டால் நேர்மாறாகச் சொல்வார்கள். 20, 25 டிகிரி வெப்பத்தில் லைகோபீன் நன்றாக ஊறும். 30-ஐத் தாண்டிவிட்டால் அதன் உற்பத்தி தடைபட்டு, மஞ்சள் நிறமி மட்டும் மிஞ்சும். சித்திரையில் பறிக்கிற பழம் தோள்பக்கம் மஞ்சள் தட்டியே வருவது இதனால்தான். ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில், ராத்திரியில் போர்வை தேடுகிற ஊரான கெலமங்கலத்தின் மார்கழிப் பழம் நல்ல சிவப்பு ஏறி வருவதும் இதனால்தான்.

இந்த நிறமிக்குத் தோலில் என்ன வேலை? சூரியனின் புற ஊதாக் கதிர் தோலுக்குள் இறங்கும்போது அங்கே இருக்கும் ஆக்சிஜனில் ஒரு பகுதி வெறிபிடித்த நிலைக்கு ஏறுகிறது. வேதியியலில் அதற்குச் சிங்லெட் ஆக்சிஜன் என்று பெயர். பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எல்லாவற்றையும் அது கெடுக்கும். சுருக்கம், கரும்புள்ளி, தொய்வு ஆகியவற்றில் ஒரு பங்கு இதன் கைங்கரியம். லைகோபீன் மூலக்கூறில் பதினொரு இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கின்றன. வெறிபிடித்த ஆக்சிஜனின் ஆற்றலை அந்த நீண்ட சங்கிலி வாங்கி, வெறும் சூடாக வெளியே விட்டுவிடும். ஆன்டிஆக்சிடன்ட் என்று விளம்பரங்களில் ஓயாமல் கேட்கிறோமே, இந்த விஷயத்தில் அதன் பொருள் இவ்வளவுதான். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் ஹெல்முட் சீஸ் குழுவினர் 1989-இல் இந்த வகை நிறமிகளைச் சோதனைக் குழாயில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது லைகோபீன்தான் முதலிடம் பெற்றது; பீட்டா கரோட்டினைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகம். மனிதத் தோலிலும் ஒரு சான்று உண்டு. 1995-இல் அமெரிக்காவில் சில பெண்களின் முன்கையில் சிறு இடத்தில் மட்டும் புற ஊதா ஒளியைக் காட்டிப் பார்த்தார்கள். அந்த இடத்துத் தோலில் லைகோபீன் 31 முதல் 46 சதவீதம் வரை குறைந்துபோயிருந்தது. பீட்டா கரோட்டின் பெரிதாகக் குறையவில்லை. வெயிலோடு முதலில் மோதிச் செலவாவது லைகோபீன் என்று அதைப் புரிந்துகொண்டார்கள்.

ஆக, சரக்கு நல்ல சரக்குதான். அது தோலுக்குள் எப்படிப் போய்ச் சேரும் என்பதில்தான் வியாபாரமும் வீட்டு வைத்தியமும் ஒன்றாகச் சறுக்குகின்றன.

தக்காளித் தொக்கு எடுத்துப்போன பிளாஸ்டிக் டிபன் பாக்ஸைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு தேய்த்தாலும் ஆரஞ்சுக் கறை போகாது. அந்தக் கறை லைகோபீன். தண்ணீரில் அது கரையவே கரையாது. எண்ணெயில் கரையும், எண்ணெய்ப் பசையோடு பிளாஸ்டிக்கில் ஏறிக்கொள்ளும். அதே டப்பாவை இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் வைத்தால் கறை வெளுத்துவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் லைகோபீன் தாங்காது என்பதற்கு இதைவிட நல்ல செயல்முறை விளக்கம் எந்த ஆய்வகத்திலும் கிடைக்காது. இந்த இரண்டு குணத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு கன்னத்துக்கு வருவோம்.

பழத்தை வெட்டித் தேய்க்கும்போது முகத்தில் படுவதில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிராம் தக்காளியில் 94, 95 கிராம் தண்ணீர்தான். லைகோபீன் பழத்தின் செல்லுக்குள், நுண்ணிய படிகமாக, சுவருக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கிறது. தேய்த்துப் பதினைந்து நிமிடத்தில் கழுவும்போது பெரும்பாலும் அப்படியே வடிகாலுக்குப் போய்விடும். அப்படியே கொஞ்சம் வெளியே வந்தாலும் அதன் மூலக்கூறு எடை 537. 500-க்கு மேல் இருக்கும் எதுவும் நல்ல தோலைத் தாண்டி உள்ளே போவது கடினம் என்பது தோல் மருந்து தயாரிப்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு.

“அப்புறம் ஏங்கா தேய்ச்சதும் பளிச்சுனு ஆவுது?” நியாயமான கேள்வி. தக்காளியின் லேசான அமிலம் மேலே ஒட்டியிருக்கும் செத்த செல்களைத் தளர்த்துகிறது, சர்க்கரை அதை உராய்ந்து எடுக்கிறது, சாறின் ஈரம் கொஞ்ச நேரம் தங்குகிறது. அன்று மாலை வரை பளபளப்பு இருக்கும். ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து மாய்சரைசர் பூசினாலும் அதே பலன்தான், அதோடு கீறலும் இல்லை. தக்காளியைக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். அதன் அமிலம் எலுமிச்சையைப் போல முரட்டுத்தனமானதல்ல. எலுமிச்சை கலந்து பூசிக்கொண்டு வெயிலில் போய், சாறு வழிந்த தடம் அப்படியே கருந்தழும்பாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். இன்னொன்றையும் இந்த ஊர்க்காரி என்ற உரிமையில் சொல்கிறேன். 2014-இல் ஊசிப்புழு இந்தியாவுக்குள் வந்ததிலிருந்து தக்காளிக்கு அடிக்கிற பூச்சிமருந்து கொஞ்சநஞ்சமல்ல. தோட்டத்து வரப்பில் பறித்ததைச் சுடிதாரில் துடைத்துவிட்டு முகத்தில் தேய்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தோலுக்குள் லைகோபீனை அனுப்ப ஒரு வழி நன்றாகத் திறந்தே இருக்கிறது. வாய்.

பச்சைப் பழமாகத் தின்றால் உடம்பு எடுத்துக்கொள்வது குறைவு. வேகவைத்தால் செல்சுவர் உடைந்து படிகம் வெளியே வரும். எண்ணெய் இருந்தால் அதில் கரையும். பித்தநீர் அந்தக் கொழுப்பைச் சிறு துளிகளாக்கிக் குடலைத் தாண்ட உதவும். பிறகு இரத்தக் கொழுப்போடு ஊர்வலம் போய்த் தோல் வரைக்கும் சேரும். பச்சைத் தக்காளியையும் தக்காளி விழுதையும் ஒப்பிட்டு 1997-இல் வந்த ஆய்வில், விழுதிலிருந்துதான் இரத்தத்தில் லைகோபீன் அதிகம் ஏறியது தெரிந்தது. நம் தாளிப்பு இந்தக் கணக்கை எப்போதோ தற்செயலாகப் போட்டுவைத்திருக்கிறது.

2001-இல் அதே டுசல்டார்ஃபில் வில்ஹெல்ம் ஸ்டாலும் சீஸும் சிலருக்குத் தினம் 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஆலிவ் எண்ணெயோடு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எண்ணெய் மட்டும். முதுகில் புற ஊதா ஒளியைக் காட்டி எவ்வளவு சிவக்கிறது என்று அளந்தார்கள். நான்காம் வாரத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பத்தாம் வாரத்தில், விழுது சாப்பிட்டவர்களின் முதுகு 40 சதவீதம் குறைவாகச் சிவந்தது. பத்து வாரம்! ‘பதினைந்தே நிமிடத்தில் பொலிவு’ என்ற வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்பும் எண் இது.

பத்து வருடம் கழித்து இங்கிலாந்தின் மான்செஸ்டர், நியூகாசில் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இருபது பெண்களிடம் இதையே பார்த்தன. பாதிப் பேருக்குப் பன்னிரண்டு வாரம், தினம் 55 கிராம் விழுது. அதில் லைகோபீன் 16 மில்லிகிராம், அதாவது அரைக் கிலோவுக்கு மேற்பட்ட பழத்தின் சாரம். வெயில் தாங்கும் திறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ சிதைவும் குறைந்திருந்தது. தனியே செயற்கையாகச் செய்த லைகோபீனைக் கொடுத்துப் பார்த்த வேறொரு ஆய்வில் பலன் கிடைத்தது, ஆனால் முழுத் தக்காளிச் சாரம் கொடுத்தவர்களுக்குத்தான் அதிகம். நிறமே இல்லாத ஃபைட்டோயீன், ஃபைட்டோஃபுளூயீன் என்று லைகோபீனின் இரண்டு தங்கைகள் பழத்தில் உண்டு. அவையும் புற ஊதாவை உறிஞ்சக்கூடியவை.

இனி கசப்பான பகுதி. மூன்றில் ஒரு பங்கு என்பது சன்ஸ்கிரீன் மொழியில் எஸ்பிஎஃப் 1.3. கடையில் நான் விற்கும் சாதாரண சன்ஸ்கிரீன் 30. தக்காளி சாப்பிட்டுவிட்டோம் என்று தொப்பியைக் கழற்றுவதற்கு இதில் இடமே கிடையாது. அடுத்தது, ஆய்வுகள் சின்னவை, ஆட்கள் வெள்ளைத் தோல்காரர்கள். அரை மணி வெயிலில் இறால் மாதிரி சிவக்கிறவர்கள். நம் தோலில் மெலனின் ஏற்கெனவே காவலுக்கு நிற்கிறது. நமக்கு வெயில் எரித்துச் சிவப்பது பெரிய தொல்லையல்ல. கறுப்பதும், கன்னத்தில் மங்கு படர்வதும்தான் தொல்லை. மங்குக்குப் புற ஊதா மட்டும் காரணமல்ல. கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமே அதைக் கிளறிவிடும். அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன்தான் உதவும். லைகோபீனால் மங்கு நீங்கும் என்று யாராவது சொன்னால், அவருக்கு விற்க ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துக் குளிர்காற்றும் ஒரு ஏமாற்றுக்காரி. ஓசூர், கெலமங்கலம், தேன்கனிக்கோட்டையில் வேர்க்கவில்லை என்பதால் வெயில் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதா பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். இங்கே மார்ச், ஏப்ரல் மதியங்களில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அதுதான் ‘உச்ச அபாயம்’. வேர்வைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தக்காளி பறிக்க வருகிற அக்காமார்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனாலும் புடவைக்கு மேலே புருஷனின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அதற்கு மேலே கூடை என்று வருகிறார்கள். செடியின் பிசின் பட்டு விரல்கள் பச்சைக் கறுப்பாகியிருக்கும். முகமும் கையும் தப்பியிருக்கும். பஸ்ஸுக்காக எட்டு மணி வெயிலில் வெறும் முகத்தோடு நிற்கும் அவர்கள் மகள்களுக்குத்தான் சீரம் தேவைப்படுகிறது.

சரி, சீரத்துக்கு வருவோம். மேலே பூசுகிற லைகோபீனுக்கு அறவே சான்று இல்லை என்று சொன்னால் அது பொய். பூசிய பிறகு புற ஊதா காட்டிய எலித் தோலில் சேதம் குறைந்ததாக 2003-இல் ஆய்வு வந்தது. ஆனால் அது ஆய்வகத்தில், அளந்து, புதிதாகக் கலந்து பூசியது. குப்பியில் எவ்வளவு இருக்கிறது? இந்தியாவில் 2020-இல் வந்த அழகுசாதன விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருட்களை அளவு இறங்குவரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பட்டியலில் ஃபீனாக்சி எத்தனால் என்ற கெடாமல் காக்கும் பொருளைத் தேடுங்கள். அதைப் பொதுவாக ஒரு சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை. அதற்குப் பின்னால் ‘சொலானம் லைகோபெர்சிகம்’ என்று வந்தால், உங்கள் தக்காளி ஒரு சதவீதத்துக்கும் கீழே எங்கேயோ இருக்கிறது. அந்த ஒரு சதவீதத்திலும் சாறு எவ்வளவு, லைகோபீன் எவ்வளவு என்று சொல்ல வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. நிறைய லைகோபீன் போட்டால் முகம், தலையணை உறை எல்லாம் ஆரஞ்சாகிவிடும் என்பதால் அவர்களால் நிறையப் போடவும் முடியாது. குப்பி தெளிந்த நீர் மாதிரி இருந்தால் அதில் லைகோபீன் பெயருக்குத்தான். ஒளி ஊடுருவும் கண்ணாடியில் அழகாக அடைத்திருந்தால், டிபன் பாக்ஸ் கறையை நினைத்துக்கொள்ளுங்கள். தாவரத்திலிருந்து எடுத்தது என்பதும் எப்போதும் உண்மையில்லை. ஒரு வகைப் பூஞ்சையை வளர்த்து எடுக்கும் லைகோபீனும், ஆலையில் செயற்கையாகச் செய்யும் லைகோபீனும் உலகச் சந்தையில் தாராளமாக ஓடுகின்றன. இஸ்ரேலின் பேர்ஷெபாவில் 1995-இல் தொடங்கிய லைகோரெட் போன்ற நிறுவனங்கள்தான் தக்காளியிலிருந்தே எடுப்பதைப் பெரிய தொழிலாக்கின.

சீரம் என்ற வகையையே நான் வெறுப்பதாக நினைக்க வேண்டாம். தோலுக்குள் போகக்கூடிய ஆன்டிஆக்சிடன்டுகள் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் குழு 2005-இல் காட்டிய கலவை அதில் பேர்போனது. வைட்டமின் சி 15 சதவீதம், வைட்டமின் ஈ 1 சதவீதம், ஃபெரூலிக் அமிலம் அரை சதவீதம். பன்றித் தோலில் செய்த சோதனையில் வைட்டமின்கள் மட்டும் தந்த நான்கு மடங்குப் பாதுகாப்பை ஃபெரூலிக் அமிலம் எட்டு மடங்காக்கியது. ஃபெரூலிக் அமிலமும் தாவரச் சரக்குதான். நாங்கள் தினம் களி கிண்டும் கேழ்வரகின் தவிட்டில் நிறைய இருக்கிறது. உடனே ராகி மாவைக் குழைத்துப் பூசிக்கொள்ள வேண்டாம். தவிட்டில் அது நார்ச்சத்தோடு இறுகப் பிணைந்து கிடக்கிறது, தண்ணீரில் குழைத்தால் விடுபடாது. ஒரு பொருளில் ஒரு சத்து இருப்பதும், அது தோலுக்குக் கிடைப்பதும் வேறு வேறு விஷயம்.

மாத்திரை கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் கதை பின்லாந்தில் நடந்தது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து, லைகோபீனின் உடன்பிறப்பான பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கிறதா என்று பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. தினம் 20 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. கேரட் யாரையும் கொல்லவில்லை. கேரட்டில் இருக்கும் ஒன்றைத் தனியாக, அளவு ஏற்றி, பழுதடைந்த நுரையீரலுக்குள் அனுப்பியதுதான் வினை. ஆன்டிஆக்சிடன்ட் என்ற பெயரே நற்சான்றிதழ் ஆகிவிடாது. உணவிலும் அளவு உண்டு. பல வருடம் தினம் ஏறக்குறைய இரண்டு லிட்டர் தக்காளிச் சாறு குடித்து உடம்பே ஆரஞ்சு நிறமாகிப்போன ஒரு பெண்மணியைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழில் 1960-இல் கட்டுரை வந்தது. சாற்றை நிறுத்தியதும் நிறம் வடிந்தது, பெரிய கெடுதல் ஒன்றுமில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிக்கா, ஒரே வாரத்துல வெளுக்குற மாதிரி ஒரு டியூப் குடுங்க” என்று கேட்பவர்களும் உண்டு. மூன்று மருந்து கலந்த ஸ்டீராய்டு டியூப்பைத்தான் கேட்கிறார்கள். 2018 முதல் அவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. முகம் மெலிந்து, சிவந்து, முடி முளைத்து வருகிறவர்களைப் பார்த்தால், தக்காளி தேய்க்கிறவர்கள் எவ்வளவோ புத்திசாலிகள் என்று தோன்றும்.

ஆகவே என் பதில் கடாய்தான். விலை விழுந்த வாரத்தில் இரண்டு கிலோ நல்ல சிவந்த பழமாகப் பொறுக்குங்கள். நன்றாகக் கழுவி, தோலை உரிக்காமல் அரைத்து, நல்லெண்ணெயில் சுருள வதக்குங்கள். தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிந்து சிவப்பாக மேலே நின்றால், லைகோபீன் எண்ணெய்க்கு மாறிவிட்டது என்று அர்த்தம். அந்த எண்ணெயை ஒதுக்கித் தள்ளாமல் சோற்றில் பிசையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் டப்பாவும் ஒரு பங்கு தின்றுவிடும். பீங்கான் ஜாடியோ எவர்சில்வரோ போதும். தக்காளி வற்றல் போடுகிறவர்கள் நேர்வெயிலில் நாள்கணக்கில் காயவிட்டால் நிறமும் சத்தும் சேர்ந்தே வெளுக்கும். கடைச் சாஸிலும் லைகோபீன் உண்டு, அதைவிட அதிகமாகச் சர்க்கரை உண்டு.

தொக்கு எல்லோருக்கும் ஆகாது. சிறுநீரகக் கோளாறுக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைத்தவர்கள், படுத்தால் நெஞ்சு எரிகிறவர்கள் முதலில் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்கள் காலையில் இரண்டு விரல் நீளத்துக்குச் சன்ஸ்கிரீன் எடுத்து முகத்திலும் கழுத்திலும் பூசிவிட்டு, மத்தியானம் தொக்கைப் பிசைந்து சாப்பிடலாம்.